காது கொடுத்தாயிற்று, கேட்கக் கற்பிப்பது யார்?

கதை, கவிதை, நூல் விமர்சனம் என்று பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் காது கேளாத குழந்தைகளுக்கான பயிற்சியைப் பற்றி எழுதப் புகுந்தால், இது எதற்கு இங்கே என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மருத்துவருக்கு உரிய விஷயத்தில் இலக்கிய வாசகனுக்கு என்ன வேலை என்பது நியாயமான கேள்விதான். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு நெருக்கமான ஒரு வீட்டில் இரண்டு ஆண்டுகளாக நடந்துவருவதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. ஒரு குழந்தைக்கு மொழி எப்படி வந்து சேர்கிறது என்பதைக் காட்டிலும் வாசகனுக்கு நெருக்கமான விஷயம் வேறு என்ன இருக்க முடியும்?

அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கு இப்போது நாலரை வயது. பிறவியிலேயே இரண்டு காதுகளும் கேட்கவில்லை. இது தெரியவந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. ஒன்றரை வயதில் பேச்சு வரவில்லையே என்று தாய் கவலைப்பட்டபோது, "அவ அப்பாவும் மூணு வயசுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தான்" என்று உறவினர்கள் சமாதானம் சொன்னார்கள். முதலில் பார்த்த மருத்துவரும் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றாராம். தமிழ்நாட்டில் இப்படி இழக்கப்பட்ட மாதங்களைக் கூட்டினால் எத்தனை நூறு ஆண்டுகள் வரும் என்று தெரியவில்லை. ஒருவழியாகப் பரிசோதனைகள் முடிந்து, காக்ளியர் இம்பிளான்ட் எனப்படும் உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இரண்டரை வயதில் நடந்தது.

அறுவைக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அந்த நாளில் குடும்பமே செல்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது. இணையத்தில் சுற்றிவரும் படங்களில் குழந்தை சட்டென்று திரும்பி, தாயின் குரல் கேட்டுச் சிரிக்கும் அல்லவா? இங்கே குழந்தை வீறிட்டு அழுதது. காதுக்குப் பின்னால் இருந்ததைப் பிடுங்கி எறிந்தது. அடுத்த மூன்று மாதங்களுக்கு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஆபரேஷன்தான் ஆயிடுத்தே, இன்னும் ஏன் பேசலை?"

இந்தக் கேள்விக்குள் இருக்கும் அறியாமைதான் இந்தக் கட்டுரையின் காரணம். இது உறவினர்களோடு நிற்கிற அறியாமையும் அல்ல. அரசின் திட்டங்களிலும், பத்திரிகைச் செய்திகளிலும், நம்முடைய இரக்கத்திலும்கூட இது கலந்திருக்கிறது.

கருவி என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் பார்ப்போம். இயல்பான உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலி அலைகளை நரம்பு அறியும் மின் துடிப்புகளாக மாற்றுவது அவற்றின் வேலை. அவை பழுதுபட்ட காதில், அந்த வேலையை 12 முதல் 22 வரையிலான மின்முனைகளை வைத்துச் செய்யப் பார்க்கிறது காக்ளியர் கருவி. பெரிய விந்தைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது தருவது ஒலியை மட்டும். குக்கர் விசிலும், மின்விசிறி இரைச்சலும், அம்மாவின் குரலும் முதல் நாளில் அந்தக் குழந்தைக்கு ஒரே குவியல். எது குரல், எது வெற்று ஓசை, குரலில் எது சொல், சொல்லுக்கு எது பொருள் என்று பிரித்தெடுக்க வேண்டியது மூளை. அந்த வேலையை எந்த அறுவை நிபுணரும் செய்து கொடுக்க முடியாது.

கேட்கும் திறனோடு பிறக்கும் குழந்தை, பிறப்பதற்கு முன்பே தாயின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து ஏறக்குறைய ஓராண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்த பிறகே முதல் சொல் வருகிறது. அப்படியானால் இரண்டரை வயதில் கருவி இயக்கப்பட்ட குழந்தை, ஒலியைப் பொறுத்தவரை அன்றுதான் பிறந்திருக்கிறது. பயிற்சியாளர்கள் இதைக் 'கேட்கும் வயது' என்று தனியாகவே கணக்கிடுகிறார்கள். மூன்று மாதக் குழந்தையைப் பார்த்து ஏன் இன்னும் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை. மேற்சொன்ன வீட்டில் அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

காலம் இங்கே இரக்கமில்லாதது. அனு சர்மாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்டால், ஒலிக்கு மூளை எதிர்வினை செய்யும் வேகம் பெரும்பாலும் இயல்பான அளவை எட்டிவிடுகிறது. ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது நடக்கவில்லை. ஒலி வராத காலத்தில் மூளையின் அந்தப் பகுதி வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறது என்று எளிமையாகச் சொல்லலாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று உலகெங்கும் வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுதான். அந்தக் கருவி காதில் மாட்டும் சாதாரணச் செவித்துணைக் கருவியாகவும் இருக்கலாம். போதிய அளவு கேட்கும் திறன் எஞ்சியிருக்கும் குழந்தைக்கு அறுவையே தேவைப்படாது. ஆனால் பயிற்சி எல்லோருக்கும் தேவை.

இனி அந்தப் பயிற்சிக்கு வருவோம். காலையில் தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பாட்டி கூடத்தில் உட்காருகிறார். குழந்தையின் முன்னால் பல்லாங்குழிப் பலகையும் ஒரு கை சோழியும். பாட்டி குழந்தைக்குப் பின்னால் இருந்துகொண்டு, உதட்டைப் பார்க்க முடியாதபடி, ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஒலி கேட்டதும் குழந்தை ஒரு சோழியைக் குழியில் போட வேண்டும். கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை இது. பேச்சில் வரும் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை இந்த ஆறிலேயே அடங்கிவிடுகின்றன. ஒரு நாள் 'ஸ்' ஒலிக்குச் சோழி விழவில்லை என்றால் கருவியில் ஏதோ கோளாறு, அல்லது அமைப்பை மாற்ற வேண்டும் என்று பொருள். பல லட்சம் ரூபாய் பெறும் கருவியைச் சோதிக்க ஆறு ஒலிகளும் ஒரு பாட்டியும் போதும்!

சோழி ஆட்டம் வாசற்படி மட்டுமே. கேட்கும் திறன் வளர்வதை நான்கு படிகளாகச் சொல்கிறார்கள். ஒலி இருக்கிறதா இல்லையா என்று உணர்வது முதல் படி. இரண்டு ஒலிகள் ஒன்றா வேறா என்று பிரிப்பது இரண்டாவது. கேட்டது இன்னது என்று இனங்காண்பது மூன்றாவது. கேட்டதன் பொருளைக் கொண்டு பதில் சொல்வதும் செயல்படுவதும் நான்காவது. குழந்தை இந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி முடித்துவிட்டுப் பேசுவதில்லை. நாலு படியிலும் மாறிமாறி நிற்கும். ஆனால் கற்பிக்கிறவருக்கு வரைபடம் மாதிரி இது உதவுகிறது.

தமிழில் இந்தப் பயிற்சியைக் கவனிக்கும்போதுதான் எங்களுக்குச் சில விஷயங்கள் உறைத்தன. கல் – கால், படம் – பாடம் என்ற குறில் நெடில் வேறுபாட்டைக் குழந்தை ஓரளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டது. நீளம் காதுக்கு எளிதில் அகப்படுகிறது. வந்தான் – வந்தாள் என்பதில்தான் மாதக்கணக்கில் திணறியது. நம் மொழியில் வினையைச் செய்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்ற செய்தி முழுவதும் சொல்லின் கடைசியில் போய் ஒளிந்துகொள்கிறது. பேசும்போது நாம் மூச்சுத் தேய்ந்து, குரல் தாழ்த்தி, அரைகுறையாக உச்சரிக்கும் இடமும் அதுவேதான். ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்ட பயிற்சிக் கையேடு தமிழ்க் குழந்தைக்கு இங்கே கைகொடுக்காது. ல, ள, ழ வேறுபாடு பற்றிப் பெரியவர்களே மேடை போட்டுச் சண்டை பிடிக்கும் ஊரில், இந்தக் குழந்தை அதைக் கேட்டே கண்டுபிடித்தாக வேண்டும்.

பாட்டி இதற்கெல்லாம் இலக்கணம் படித்தவரல்லர். பயிற்சியாளர் வாரத்துக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் நாளெல்லாம் செய்கிறார். தேங்காய் துருவும்போது துருவுவதைச் சொல்கிறார். தண்ணீர் ஊற்றும்போது ஊற்றுவதைச் சொல்கிறார். பொருளைக் காட்டுவதற்கு முன்பே பெயரைச் சொல்லிவிடுகிறார், காது முதலில் வேலை செய்யட்டும் என்று. கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்கிறார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் நம் வீடுகளில் இந்தக் காத்திருப்பு எத்தனை கடினம் என்பது முயன்றவர்களுக்கே தெரியும். இதைப் பற்றிப் பாராட்டியபோது அவர் சொன்னது: "நான் என்ன பாடமா எடுக்கறேன்? வாயை மூடாம பேசிண்டிருக்கேன், அவ்வளவுதான்."

இந்த இடத்தில்தான் இலக்கியம் எங்கள் நினைவுக்கு வந்தது. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையில் இருக்கிறது திருவானைக்கா. அங்குள்ள அம்மன் மேல் அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் பாடியவர், திரிசிரபுரம் மகாவித்துவான் என்று அறியப்பட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர். பிள்ளைத்தமிழின் பருவங்களை நாம் மனப்பாடமாக ஒப்பிப்போம்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று. மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒவ்வொரு பருவத்துக்கும் மாதம் வகுத்திருக்கிறார்கள். தால் என்றால் நாக்கு, தாலாட்டு. செங்கீரையில் வரும் 'கீர்' என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, மழலை பேசும்படி வேண்டுவதே அப்பருவம் என்று உரைப்பாரும் உண்டு. சப்பாணியில் கைகொட்டச் சொல்கிறோம். வருகையில் வா என்று அழைக்கிறோம். அம்புலியில் நிலவைப் பார்த்து, குழந்தையோடு விளையாட வரச் சொல்கிறோம்.

இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை குழந்தையை முன்னிலையில் நிறுத்திப் பேசுபவை. குழந்தை ஒரு சொல்லும் திருப்பிச் சொல்வதில்லை. அதைப் பொருட்படுத்தாமல் புலவர் பேசிக்கொண்டே போகிறார். ஒரே வேண்டுகோளைப் பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு விதமாகத் திருப்பிச் சொல்கிறார். ஓசைக்கும் செயலுக்கும் முடிச்சுப் போடுகிறார். இந்த வகைமை தனியாக உருப்பெறுவதற்கு வெகுகாலம் முன்பே பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிக்கொண்டு இதைத்தான் செய்தார். பயிற்சியாளர் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்: பதில் வரும் என்று எதிர்பார்க்காமல் பேசு, புரிகிறது என்று நம்பிப் பேசு, சொன்னதையே வேறு விதமாகச் சொல், கையோடும் காலோடும் சேர்த்துச் சொல்.

நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்ற வழக்கமான பெருமையைப் பேச நாங்கள் வரவில்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்களுக்குக் காது கேளாமைக்கு மருந்து தெரியாது. கேளாத குழந்தைக்குப் பாடி என்ன பயன் என்றுதான் அன்றைய ஊர் நினைத்திருக்கும். நாங்கள் சொல்ல வருவது வேறு. குழந்தையோடு பேசுவதற்கு ஒரு முழு இலக்கிய வகையையே ஒதுக்கிய மொழி நம்முடையது. அந்த மொழியில், கேட்கக் கற்கும் குழந்தைக்கான பாட்டும் கதையும் ஒலிப்பதிவும் தேடினால் கையில் அகப்படுவது சொற்பமே. பயிற்சியாளர்கள் ஆங்கிலப் படங்களை ஒட்டி, தாங்களே தமிழில் வாக்கியம் எழுதிச் சமாளிக்கிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. உடலில் அணியக்கூடிய செவித்துணைக் கருவிகள் பரவத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் ஹெலன் பீபி, டோரீன் பொல்லாக் ஆகிய இருவரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். முற்றிலும் செவிடு என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஏதோ சிறிது கேட்கும் திறன் எஞ்சியிருக்கிறது, சிறுவயதிலேயே கருவி கொடுத்துக் காதை மட்டும் நம்பிப் பழக்கினால் பேச்சு வருகிறது என்பதே அது. தமிழ்நாட்டில் 1969இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, பள்ளி செல்லும் வயதுக்கு முற்பட்ட கேளாத குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, தாயையும் வகுப்பறைக்குள் உட்காரவைத்தது. கேட்கவும் பேசவும் பழகிய குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்பியது. காக்ளியர் கருவி நம் ஊர்ப்பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, சாதாரணச் செவித்துணைக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு நடந்த காரியம் இது. கருவியைவிடப் பயிற்சி பெரிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்போது நம் மனத்தாங்கலுக்கு வருவோம். ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக இந்த அறுவையைச் செய்துகொடுப்பதில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் கருவி பெற்றிருக்கிறார்கள். சென்னைக்குப் போகாமல் திருச்சி அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ள முடிகிறது. அறுவைக்குப் பின்னான பயிற்சிக்கும் திட்டத்தில் இடம் உண்டு. இதற்காக ஆட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரையும் பாராட்டலாம், பாராட்டுகிறோம்.

ஆனால் செய்தித்தாளில் நாம் படிப்பது எப்போதும் அறுவைகளின் எண்ணிக்கையைத்தான். இத்தனையாவது அறுவை, இத்தனை லட்சம் மதிப்பு, குழந்தையோடு அமைச்சர் படம். அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் மூன்று ஆண்டு கழித்துக் கருவியை நாள் முழுவதும் அணிந்திருக்கிறார்கள், எத்தனை பேர் வாக்கியம் பேசுகிறார்கள், எத்தனை பேர் தெருப்பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்கள் பத்திரிகைக்கு வருவதில்லை. விதை வழங்கியதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு விளைச்சலைப் பற்றிப் பேசாத வேளாண்மைத் துறையை நாம் சும்மா விடுவோமா?

துறையூரிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ ஒரு தாய் வாரத்துக்கு இரண்டு நாள் திருச்சிக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, வீட்டில் விட்டுவந்த மற்ற குழந்தை, ஒரு மணி நேரப் பயிற்சி, மீண்டும் பேருந்து. நான்கு மாதம் வருவார், ஐந்தாம் மாதம் குறையும். அதற்குள் கருவியின் கம்பி ஒன்று பழுதாகும். அறுவை இலவசம், கம்பி இலவசமல்ல. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு வெளிப்புறக் கருவியையே மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தைத் தொடும். கருவி டப்பாவுக்குள் போகும், டப்பா அலமாரிக்குள் போகும். அந்தக் குழந்தையின் பெயர் அரசின் வெற்றிக் கணக்கில் அப்போதும் இருக்கும்.

இன்னொரு அநீதியும் இருக்கிறது. குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால் பழி தாயின் மேல் விழுகிறது. "அவ சரியாச் சொல்லிக்கொடுக்கலை" என்று கணவன் வீட்டார் சொல்வார்கள், சில சமயம் பயிற்சி கொடுப்பவர்களும் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த குழந்தைக்கு வேலைக்குப் போகாத பாட்டி இருந்தார், அமைதியான கூடம் இருந்தது, பயிற்சி நிலையம் பேருந்து தூரத்தில் இருந்தது. ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வரும் தாயிடம் இதே விளைவை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

நண்பர்கள் சிலர் முற்றிலும் வேறு திசையிலிருந்து ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். கேளாதவர்களுக்கு அழகும் இலக்கணமும் கொண்ட சைகை மொழி இருக்கிறதே, ஏன் அவர்களைக் கேட்பவர்களைப் போல ஆக்க இப்படிப் பாடுபட வேண்டும் என்பது அந்த மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, பள்ளிகளிலிருந்து சைகை மொழியை வெளியேற்றத் தீர்மானித்தது. அதன் விளைவாகத் தலைமுறை தலைமுறையாகக் கேளாத குழந்தைகள், கைகளைக் கட்டிப்போட்ட வகுப்பறைகளில் பேச்சும் வராமல் மொழியும் இல்லாமல் வளர்ந்தார்கள். அந்தக் கொடுமைக்குத் திரும்புவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. இந்தியச் சைகை மொழிக்கென்று 2015இல் டெல்லியில் தேசிய நிறுவனம் அமைந்ததும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்ததும் தாமதமாகவேனும் நடந்த நல்ல காரியங்கள்.

ஆனால் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்தாக வேண்டியவையா? ஸ்ரீரங்கத்தில் மார்கழியில் அரையர் சேவை பார்த்தவர்கள் சொல்லட்டும். தாளத்தோடு பாசுரத்தை வாயால் இசைத்த அதே அரையர், அதன் பொருளைக் கையாலும் முகத்தாலும் அபிநயித்துக் காட்டுகிறார். பாட்டு இருக்கிறதே என்று அபிநயத்தை யாரும் விலக்கிவைப்பதில்லை. காதை மட்டும் நம்பிப் பழக்குவதே பலன் தரும் என்று வாதிடும் பயிற்சியாளர்களிடமும் நியாயம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் கேட்பவர்களாக இருக்கும்போது, சைகை மொழி அறிந்தவர் அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, பேச்சு மொழியே குழந்தைக்கு அருகில் கிடைக்கும் மொழி. அதே நேரத்தில் தாமதமாகக் கண்டறியப்பட்ட குழந்தை, செவி நரம்பே வளராத குழந்தை, பயிற்சியால் பலன் காணாத குழந்தை என்று பலர் இருக்கிறார்கள். அவர்களை ஐந்தாண்டுகள் பேசு பேசு என்று வருத்திவிட்டுக் கடைசியில் மொழியே இல்லாமல் விடுவது குற்றம். எந்த வழியானாலும் குழந்தைக்கு ஒரு முழு மொழி வாய்க்க வேண்டும், அதுவும் காலத்தில் வாய்க்க வேண்டும். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

எனவே நாங்கள் வேண்டுவது இவைதான். முதலாவது, பிரசவம் நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், தூங்கும் குழந்தையின் காதில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் செவிச் சோதனையைச் செய்யாமல் தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுக் குழந்தை நலத் திட்டமே, மாவட்டந்தோறும் ஆரம்ப நிலைத் தலையீட்டு மையங்களை வகுத்திருக்கிறது. அடித்தளம் இருக்கிறது, அதைக் கடைசிக் குழந்தை வரை கொண்டுசெல்வதுதான் பாக்கி. இரண்டாவது, பயிற்சியாளர் வட்ட மருத்துவமனை வரையிலாவது வர வேண்டும், தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் தரப்பட வேண்டும். மூன்றாவது, கம்பிக்கும் மின்கலத்துக்கும் பழுதுக்கும் தனி நிதி வேண்டும். நான்காவது, அறுவைகளின் எண்ணிக்கையோடு, மூன்று ஆண்டுக்குப் பின் அந்தக் குழந்தைகளின் மொழி நிலையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணப்படாதது கவனிக்கப்படுவதில்லை என்பது நம் நிர்வாகத்தின் இயல்பு.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளிடம் காணும் செவித்திறன் இழப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது. கர்ப்ப காலத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா அவற்றில் ஒன்று. 2017இல் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, நம் ஊரில் எத்தனை வதந்திகளைப் படித்தவர்களே பரப்பினார்கள் என்பது நினைவிருக்கும். அதுவும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

ஐந்தாவது வேண்டுகோள் அரசுக்கு அல்ல, நமக்கு. ஸ்ரீரங்கத்துத் திண்ணைப் பேச்சையும் தெருப் பேச்சையும் காதால் அள்ளிக் கதையாக்கியவர் சுஜாதா. 1939 முதல் ஒலித்துவரும் திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. கேட்டலைக் கல்வியாகவே எண்ணி, அதற்குக் 'கேள்வி' என்று பெயரிட்ட மொழியில் எழுதுகிறோம். நமக்குள் எத்தனையோ பேர் எழுதுகிறோம், நல்ல குரல் உள்ளவர்களும் இருக்கிறார்கள். வந்தான் – வந்தாள் வேறுபாட்டைக் காதில் போடும் பத்துச் சின்னக் கதைகளை நம்மால் எழுத முடியாதா? பின்னணி இசையில்லாமல், நிறுத்தி நிதானமாக, வீட்டுப் பேச்சில், வட்டார வழக்குகளோடு அவற்றைப் பதிவு செய்து பயிற்சியாளர்களிடம் கொடுக்க முடியாதா? அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும், நம் இஷ்டத்துக்கு எழுதக்கூடாது. எங்கள் குழுவில் மூன்று பேர் இதைத் தொடங்கியிருக்கிறோம். முதல் கதையைப் பயிற்சியாளர் திருப்பியனுப்பிவிட்டார், சொற்கள் அதிகம் என்று. பத்திரிகை ஆசிரியர்கள் திருப்பியனுப்பியபோது வந்த கோபம் இப்போது வரவில்லை.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். கதவைத் தட்டியதும் உள்ளறையிலிருந்து குழந்தையின் குரல்: "பாட்டி, யாரோ வந்திருக்கா!" பயிற்சி அட்டையில் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று இருந்திருக்கலாம். குழந்தையின் வாயில் வந்தது பாட்டியின் பேச்சு. கருவியை இயக்கிய நாளிலிருந்து எண்ணினால் அந்தக் குழந்தைக்கு அன்று ஒரு வயதும் பதினொரு மாதமும்.